பயமில்லாதவருக்கு அடைக்கலம் இல்லை

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். கேட்டுவிட்டீர்கள், இனி அனுபவியுங்கள்.

சட்டத்தை நான் சொல்லித் தரப்போவதில்லை. அதை நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்த அன்று எங்கள் சீனியர் வக்கீல் அந்தச் சட்டத்தை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். "ஒருத்தன் சொந்த நாட்டை விட்டு வெளிய இருக்கணும். திரும்பிப் போகப் பயப்படணும். அந்தப் பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கணும். இனம், மதம், எந்த நாட்டுக்காரன், என்ன அரசியல், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், இதுல ஏதோ ஒண்ணுக்காக அவனைத் துரத்தியிருக்கணும். அவனோட அரசாங்கம் அவனைக் காப்பாத்தாதுன்னு இருக்கணும். அவனே நாலு பேரைக் கொன்னுட்டு வந்தவனா இருக்கக் கூடாது. அவ்வளவுதாம்மா" என்றார். பிறகு டீயைக் குடித்தார்.

அவ்வளவுதான். மீதியெல்லாம் எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிற மனிதரைப் பொறுத்தது. சட்டம் எழுதியவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்ததில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்போது அலுவலகம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. 'அகதிகளுக்குச் சட்ட உதவி' என்று போர்டு மாட்டினோம். மாட்டிய வாரமே அரூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கனடாவில் அடைக்கலம் கேட்டால் கொடுப்பார்களா என்று விசாரித்தார்.

"யாருக்குங்க பயப்படறீங்க?" என்றேன்.

"எம் பங்காளிங்களுக்குத்தாங்க. வரப்ப வெட்டி வெட்டி உள்ள வர்றானுங்க. என்னடான்னு கேட்டா கொடுவாளத் தூக்கறானுங்க."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னங்க. புடிச்சி உள்ள வச்சாங்க. இப்ப ஜாமீன்ல வந்து மறுபடியும் வரப்ப வெட்டறான்."

போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டால் அரசாங்கம் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். அதுவும் போக, இனம், மதம், அரசியல் என்ற வரிசையில் பங்காளி இல்லை. இருந்திருந்தால் இந்த மாவட்டமே காலியாகிக் கனடாவில் போய் வரப்பு வெட்டிக்கொண்டிருக்கும். சிவில் வக்கீல் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். "கேஸ் சீக்கிரம் முடியுங்களா, கனடா சீக்கிரமா?" என்று போகும்போது கேட்டார். நேர்மையான பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

இன்னொரு நாள் ஒரு பையன் போன் செய்தான். பெண் வீட்டார் அரிவாளோடு தேடுகிறார்கள், ஜாதி வேறு. "நாங்க பார்டர் தாண்டிட்டம் மேடம், இனி அகதின்னு எழுதிக் குடுத்தர்லாங்களா?" என்றான். எந்த பார்டர் என்று கேட்டேன். "அத்திப்பள்ளிங்க." அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர்தான் வரும், வேறு நாடு வராது. சிரிக்காதீர்கள். அவனுடைய பயம் நூற்றுக்கு நூறு உண்மை. துரத்தப்பட்ட காரணமும் சட்டத்துக்குப் பொருந்தும். நாடு மட்டும்தான் போதவில்லை. அவர்களை நீதிமன்றப் பாதுகாப்பில் சேர்த்துவிட்டுத்தான் அன்று நான் சாப்பிட்டேன். நம் சட்டத்துக்குள் வராதவர் நம் வேலைக்குள்ளும் வரமாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

பொய்க்கதைகளும் வரும். மொரப்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் மகனை ஓர் ஏஜென்ட் வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டு, வீட்டை எரித்துவிட்டார்கள், வாசலில் நின்ற வேப்ப மரமும் எரிந்துபோனது என்று சொல்லச் சொல்லியிருந்தான். அந்த ஏஜென்ட் அனுப்பிய எல்லோருடைய வீட்டு வாசலிலும் அதே வேப்ப மரம் எரிந்திருந்தது. அந்த நாட்டு அதிகாரிக்கு மரமே மனப்பாடம். பையன் திரும்பி வந்தான். "எங்கூட்ல வேப்ப மரமே இல்லீங்களே, முருங்கதான நிக்குது" என்று அந்த அம்மா கடைசிவரை ஆச்சரியப்பட்டார்.

பொய் சொல்கிறவர்களால் எனக்குத் தலைவலி வந்ததே தவிர, தூக்கம் போனதில்லை. தூக்கத்தைக் கெடுத்தவர் உண்மையைச் சொல்ல மறுத்த ஒருவர். அவரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார்.

யோகராசா எங்களிடம் முதலில் வந்தது பெயிண்டராக. அலுவலகத்துக்கு வெள்ளையடித்து, கதவு ஜன்னல்களுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவர். இலங்கையின் வடக்கிலிருந்து படகில் தப்பி வந்து, போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்துகொண்டு, முகாமுக்கு வெளியே வாழ அனுமதி வாங்கியிருந்தார். மெல்லிய மனிதர். வேலையில் படு சுத்தம். கதவுக்கு பெயிண்ட் அடிக்கும் முன் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றி வரிசையாகப் பேப்பரில் வைத்துவிட்டு, அடித்துக் காய்ந்த பிறகு மாட்டுவார். மற்ற பெயிண்டர்கள் தாழ்ப்பாளோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார்கள். என்ன ஒரு நறுவிசு என்று நான் மெச்சிக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று போர்டைக் காட்டி, "இது எங்களைப்போல ஆக்களுக்கோ மேடம்?" என்று கேட்டார். அவருடைய அக்கா ஒரு குளிர் நாட்டில் இருந்தார். அந்த நாட்டின் அகதிகள் பாதுகாப்புத் திட்டத்தில் அவரைச் சேர்க்க அங்கிருந்து மனுப் போட்டிருந்தார். வீடியோவில் ஒரு நேர்காணல் நடக்கும். அதில் தேறினால் மனைவி, கைக்குழந்தையோடு போகலாம். தேறாவிட்டால் இங்கேதான். இங்கே என்றால், விசா இல்லாமல், குடியுரிமை இல்லாமல். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியதால் அதில் ஒன்றும் மாறிவிடாது. ஓர் உத்தரவு வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். அவரைத் தேடியவர்கள் அங்கே அப்படியே இருந்தார்கள்.

பேசுவதற்கு ஒரு நாள் வரச் சொன்னேன். மாமனாரோடு வந்தார்.

இதை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பெண் பார்க்கப் போனாலும் பேங்க் லோனுக்குப் போனாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும் பெரிய மனிதர் ஒருவர் கூட வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் நமக்கு நாதியில்லை என்று எதிராளி நினைத்துவிடுவான். எனக்கு என் பயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, துணைக்கு மாமனாரைக் கூட்டிப்போகிறேன் என்று உலகத்தில் வேறு எங்கும் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

மாமனார் மாதப்பன், பென்னாகரம் தாண்டிக் காட்டோரம் ராகியும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி. சலவை வேட்டி, தோளில் துண்டு. நாற்காலியில் மருமகனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நான் யோகராசாவைப் பார்த்துக் கேட்டேன். "திரும்பிப் போனா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"

அவர் மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். "என்ன ஆகும். ஒண்டும் ஆகாது மேடம். வாறதைப் பாக்கலாம்."

"பயமா இல்லையா?"

"பயம் எண்டு ஒண்டும் இல்லை."

மாதப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பயமா? பயம்னா என்னா வெலைன்னு கேப்பான் மேடம் எம் மருமவன். எங்கூருக்கு ஆனை வருதுங்க. ஊரே பொழுதோட கதவச் சாத்தி, குறுக்க கட்டையும் போட்டுக்குது. இவன் பின்கதவ சும்மா ஒருக்களிச்சி வச்சிட்டுத் தூங்கறான். தாழ்ப்பாளே கெடையாதுங்க! ஊரு பேரு தெரியாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டன்னு நின்னவந்தான் நானு. இந்தத் தைரியத்தப் பாத்துத்தான் குடுத்தன்."

யோகராசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் புகழ்ந்தால் மருமகன் கூச்சப்படுவது வழக்கம்தானே என்று நான் அதை விட்டுவிட்டேன்.

மாதப்பனை டீக்கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டேன். நடந்ததைச் சொன்னார். ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னார். பக்கத்து வீட்டு மனிதரைச் சிலர் பிடித்துப்போனதை இவர் கண்ணால் பார்த்தார். பின்னால் ஒரு விசாரணைக் குழு வந்தபோது, பார்த்ததைப் பார்த்தபடி சாட்சி சொன்னார். அதிலிருந்து இவரை அரசுக்கு எதிரானவர் என்று முத்திரை குத்திவிட்டார்கள். இவருக்கு ஓர் அரசியலும் கிடையாது. ஆனால் சட்டத்துக்கு அது போதும். நமக்கு அரசியல் இருக்கிறதா என்பதல்ல, துரத்துகிறவன் இருக்கிறது என்று நினைக்கிறானா என்பதுதான் கணக்கு. சீருடை இல்லாதவர்கள் தேடி வந்தார்கள். "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பிறகு அவர் வரேல்லை. நான் படகு ஏறி வந்தனான்."

"பயந்து வந்தீங்க."

"இல்லை மேடம். வந்தனான்."

நான் எப்படியெல்லாமோ திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவர் எல்லாப் பக்கமும் அடைத்து வைத்திருந்தார். அச்சம் என்ற ஒன்றின் மேல்தான் இந்தச் சட்டமே நிற்கிறது. மற்ற எல்லாம் அவரிடம் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார்.

சீனியரிடம் போய்ப் புலம்பினேன். "பயமா பயமான்னு கேட்டா நம்ம ஆம்பளைங்க எவம்மா ஆமாம்பான்? ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறப்பக்கூட வெயில் ஜாஸ்தி, அதான் வேர்க்குதுன்னு சொல்லுவான்" என்றார். அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டேன். "யோசி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவரிடம் நான் கற்றதெல்லாம் இப்படிக் கற்றதுதான்.

பிறகு ஒரு நாள், குழந்தையின் போட்டோ கொடுக்க அவர் மனைவி சத்யா வந்தாள். வெடுக்கென்று பேசுகிற பெண். போட்டோவைக் கொடுத்துவிட்டு, வந்த வேலை முடிந்ததும் சொந்தப் பிராது ஒன்றை எடுத்தாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க மேடம். பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கன்னு எத்தன தரம் சொல்றது? நாய் வந்து பாலக் குடிச்சிட்டுப் போவுது. முந்தாநேத்து ஆடு பூந்து ராகி மாவத் தின்னுட்டுப் போச்சி."

"யானைக்கே பயப்படாதவர்னு உங்கப்பா சொன்னாரே" என்றேன்.

"எங்கப்பாவுக்கு வேற வேலை இல்லீங்க. தைரியம், தைரியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. தைரியசாலி எதுக்குங்க முன்கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போடறாரு? எதுக்குச் செருப்பத் தலமாட்டுல வச்சிக்கிட்டுப் படுக்கறாரு? கேட்டா பழக்கம்ங்கறாரு."

நான் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "பெயிண்ட் அடிக்கறப்ப எல்லா வீட்லயும் தாழ்ப்பாளைக் கழட்டி வச்சிட்டுத்தான் அடிப்பாரா?"

"ஆமாங்க. அரை நாள் வேலை ஒரு நாளாவுது. கூலி அதே கூலிதான்."

அவள் போன பிறகு நான் எழுந்து போய் எங்கள் அலுவலகத்துப் பின்கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. நறுவிசு என்று மெச்சினேனே, அந்த மனிதன் என் கண்ணெதிரே உட்கார்ந்து தன் பயத்தை ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நேர்காணலுக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடலாம். முறையும் அதுதான். பதில் தெரியாத கேள்வியைச் சபையில் கேட்கக் கூடாது என்பது வக்கீல்களின் பாலபாடம். ஆனால் அவரை எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இன்று கேட்டால் நாளைக் காலை ஒரு தாழ்ப்பாளை வாங்கிப் பின்கதவில் மாட்டிவிட்டு, "இப்ப சரிதானே மேடம்" என்பார். பிறகு கேட்க எதுவும் மிஞ்சியிருக்காது. கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். இது சரியா என்று உங்களில் யாராவது என்னிடம் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். அன்று வேறு வழி தோன்றவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. மின்வாரியத்தில் விசாரித்து, அன்று கரன்ட் நிறுத்தம் இல்லை என்று உறுதி செய்து வைத்திருந்தேன். கரன்ட் இருந்தது. தண்ணீர் வரவில்லை. மாதப்பன் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்திருந்தார். இது தனியாக நடக்க வேண்டியது, நீங்கள் உள்ளே இருக்கக் கூடாது என்று விளக்கினேன். "நான் எதுக்குங்க உள்ள? கீழ டீக்கடைல இருக்கறன்" என்று இறங்கிப் போனார்.

திரையில் அதிகாரி, நடுவயதுப் பெண். இன்னொரு கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர். ஒழுங்காகத்தான் போனது. பெயர், ஊர், சாட்சி சொன்னது, தேடி வந்தது, அண்ணன். எல்லாவற்றுக்கும் யோகராசா அளந்து பதில் சொன்னார். அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே வந்தார். பிறகு நான் பயந்த இடம் வந்தது.

"உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போக அஞ்சுகிறீர்களா?"

"இல்லை" என்றார் யோகராசா.

மொழிபெயர்ப்பாளர் ஒரு விநாடி தயங்கினார். பாவம், அவருக்கும் புரிந்திருக்கும். ஆனால் சொன்னதைத்தான் சொல்ல முடியும். சொன்னார். அதிகாரி நிமிர்ந்தார்.

"அப்படியானால் உங்களுக்கு எதற்குப் பாதுகாப்பு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதிகாரி கொஞ்சம் காத்திருந்தார், எதையோ தட்டினார், பிறகு வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொன்னார். கூட இருப்பவர் ஏதாவது சேர்க்க விரும்புகிறாரா?

எனக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புத்தான். அவருக்காகப் பேச எனக்கு உரிமை இல்லை. கேட்க மட்டும் உரிமை உண்டு.

"உங்க வீட்டுப் பின்கதவுக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை?" என்றேன்.

யோகராசா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார். நானும் திரும்பினேன். உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வராந்தா பெஞ்சில், ஒரு வெள்ளைத் துண்டின் ஓரம் தெரிந்தது. மாதப்பன் டீயைக் குடித்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரியிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, அவரை அனுப்ப எழுந்தேன். யோகராசா கையை நீட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும் மேடம். மாமா இருக்கட்டும். அவருக்கும் தெரியத்தானே வேணும்."

அதிகாரியிடம் அதைச் சொன்னேன். அது அவருடைய விருப்பம் என்றார்.

யோகராசா திரையைப் பார்த்துச் சொன்னார். அதே ரயில் நேரக் குரல்தான். "விடியப்புறம் வந்தவங்கள். முன்கதவைத் தட்டினாங்கள். நான் கிணத்தடியில முகம் கழுவிக்கொண்டு நிண்டனான். அண்ணா உள்ளுக்க படுத்திருந்தவர். பின்கதவால ஓடி வரப் பாத்தவர். தாழ்ப்பாள் இழுபடேல்லை. பொங்கலுக்கு நான்தான் கதவுக்கு பெயிண்ட் அடிச்சனான். தாழ்ப்பாளோட சேத்து அடிச்சிட்டன். அது காஞ்சு இறுகிப்போச்சுது. அவர் உள்ளுக்க நிண்டு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய்க் கதவை உதைச்சிருக்கலாம். போகேல்லை. வேலி பாஞ்சு ஓடிட்டன். அவங்கள் தேடி வந்தது என்னைத்தான்."

மொழிபெயர்ப்பாளரின் குரல் கடைசி வாக்கியத்தில் தேய்ந்துபோனது.

"இப்போது?" என்றார் அதிகாரி.

"இப்பவும் பின்கதவு பூட்டியிருந்தா நித்திரை வராது. வாசல்ல வாகனம் நிண்டா, பின்னால போய் நிப்பன். வேலைக்குப் போற வீட்டிலயும் முதல்ல பின்வழி எங்க எண்டுதான் பாப்பன். செருப்பு தலமாட்டிலதான் இருக்கும்." பிறகு, அதிகாரி தவறாக நினைத்துவிடக் கூடாதே என்பதுபோல் சேர்த்தார். "அது பயம் இல்லை மேடம். பழக்கம்."

அதிகாரி அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். வெகுநேரம் தட்டினார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் திரை கலங்கலாகத்தான் தெரிந்தது. துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். பலித்துவிட்டது என்ற சந்தோஷமும் எனக்கு இருந்தது. நம் தொழிலில் இவை இரண்டும் ஒரே நாற்காலியில் உட்காரும். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

வெளியே வந்தபோது மாதப்பன் பெஞ்சில் அப்படியே இருந்தார். துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். யோகராசா தலை நிமிரவில்லை. பொண்ணு கொடுத்த காரணமே போய்விட்ட இடத்தில் மருமகன் எப்படி நிமிர்வார்? மாதப்பன்தான் எழுந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி, வாங்க மாப்ள" என்று சொல்லி, மருமகன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் படி இறங்கினார்.

ஒப்புதல் வர நாளாயிற்று. வந்தது. நியாயமான ஆதாரமுள்ள அச்சம் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாளை யோகராசா படித்துவிட்டு, "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார். ஆமாம், சொல்லவில்லைதான் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதற்குள் வந்துவிட்டது. பயமா என்று கேட்காதீர்கள். எப்படித் தூங்குகிறீர்கள், எங்கே உட்காருகிறீர்கள், வாசலில் வண்டி நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வாய் வீராப்புப் பேசும். கை காலுக்கு வீராப்புத் தெரியாது. கூட வருகிற மாமனாரை டீக்கடைக்கு அனுப்பினால், அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் யோகராசா போன் செய்தார். மாடிக் குடியிருப்பாம். அந்த நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் பின்னால் இன்னொரு வழி கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். "நல்ல நாடு மேடம்" என்றார். அப்போது அவர் இன்னும் பனியைப் பார்த்திருக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அவர்கள் கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மாதப்பன் வீட்டில் விருந்து. களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். நானும் போயிருந்தேன். கை கழுவப் பின்பக்கம் போனேன். பின்கதவு நல்ல கனமான பழங்காலத்துக் கதவு. அதில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. சுற்றிலும் மரம் கறுத்திருக்க, அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கொல்லைக்கு அப்புறம் கடலைக்காடு, அதற்கப்புறம் யானை வருகிற காடு.

சத்யா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "அன்னிக்கு உங்காபீஸ்ல இருந்து வந்தவுடனே கழட்டிட்டாருங்க எங்கப்பா. ஒண்ணும் சொல்லல. நாங்க இங்க வந்து தங்கினா தங்கறதுக்காம். எங்கம்மா திட்டிட்டே இருக்குது, நாய் வருதுன்னு."

நான் கை கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். இலை முன்னால் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களிடம் மாதப்பன் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "எம் மருமவன் மாதிரி தைரியசாலி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது. ஆனை வர்ற ஊர்ல கதவுக்குத் தாழ்ப்பாளே போடாம தூங்கறவன்!"

யோகராசா எதிர்ப்பக்கம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் தரையைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், நீயுந்தான் இப்ப தாழ்ப்பாள் போடறதில்லியாமே?" என்றார் ஓர் உறவுக்காரர்.

"எனக்கும் பழகிப்போச்சி" என்றார் மாதப்பன். அப்போது நான் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மேடம் வந்துட்டாங்க பாருங்க, எல போடுங்க" என்றார்.